மறைத்த புகையும் ஆறாத வாய்ப்புண்ணும்



சென்ற ஆண்டு ஓணம் முடிந்த வாரத்தில் என் சொந்த ஊருக்குச் சென்றிருந்தேன். பாறசாலைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே, கேரள எல்லைக்கு உட்பட்ட சிற்றூர் அது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தைக்குக் களியக்காவிளை, மருத்துவத்திற்குத் திருவனந்தபுரம் என்றே வளர்ந்தோம். நாகர்கோவிலில் பாசஞ்சர் ரயில் மாறி, பாறசாலை நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் சென்னையில் இத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்த களைப்பு நீங்கிவிடுவதுண்டு.

அன்று மதியம் மைனி மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்திருந்தார்கள். என் மூத்த அண்ணனுக்கு இப்போது 66 வயது. ரப்பர் பால் வெட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். எங்கள் ஊர்ச் சபையில் நெடுநாள் காரியதரிசியாகவும் இருந்தவர். அவர் கிழங்கைத் தயிரில் பிசைந்து உண்டார், குழம்பைத் தொடவேயில்லை. காரணம் கேட்டேன். "வாய்ப்புண்ணு மக்கா, எரிவு தாங்க முடியல்லே" என்றார்.

அது எனக்குப் புதிய செய்தியன்று. எட்டு மாதங்களாகத் தொலைபேசியில் ஜெபிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டிருந்த வியாதி அதுதான். நானும் ஒவ்வொரு முறையும் ஜெபித்தேன். மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரையும் வாயில் தடவும் மருந்தும் வாங்கியிருக்கிறார். தடவினால் பத்து நாள் குறையும், பிறகு மீண்டும் வரும். எட்டு மாதமாக ஒரு மனிதனின் வாயில் ஒரு புண் வந்து வந்து போகிறது என்றால், அந்த வாயை யாராவது ஒருவர் திறந்து பார்த்திருக்க வேண்டாமா? அவருக்காக ஜெபித்த நான்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவரைத் திருவனந்தபுரத்திலுள்ள ஒரு பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் கேட்ட கேள்வி

இளம் பெண் மருத்துவர் ஒருவர் அண்ணனை நாற்காலியில் சாய்த்து, மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, விளக்கை இழுத்துப் பார்த்தார். என்னையும் அருகே அழைத்துக் காட்டினார். இரு கடைவாய் ஓரங்களிலும், கன்னத்தின் உட்புறத்தில், சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்படலம். பஞ்சால் துடைத்தார், அது வரவில்லை. நாக்கின் நடுவே ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பு இழந்து, வழுவழுப்பாகச் சிவந்திருந்தது. பல்செட்டு பதிந்த மேல் அண்ணமும் அதே சிவப்பு.

"அங்கிள், புகைவலி உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்லே" என்றார் அண்ணன்.

மருத்துவர் அவருடைய வலதுகை விரல்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, சற்று வெளியே அமர்ந்திருக்க முடியுமா என்று பணிவோடு கேட்டார். நான் வெளியே வந்து அமர்ந்தேன். பத்து நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அழைக்கப்பட்டபோது, சீட்டில் "நாளொன்றுக்கு 12 பீடி, 40 ஆண்டுகளுக்கு மேல்" என்று எழுதப்பட்டிருந்தது.

திரும்பும் பேருந்தில் இருவரும் பேசவில்லை. பாலராமபுரம் கடந்த பிறகுதான் அண்ணன் வாய் திறந்தார். "மக்கா, நான் இல்லேன்னு சொன்னது டாக்டருட்ட இல்லே. உன்கிட்டத்தான்" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 1994-ஆம் ஆண்டு, வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, எங்கள் ஊர்ச் சபையில் நான் ஒரு செய்தி கொடுத்தேன். பீடி பிடிக்கிறவனைப் புகைபோக்கி என்றேன். அப்படிப்பட்டவன் கர்த்தருடைய பந்தியில் கைநீட்ட வெட்கப்பட வேண்டாமா என்றும் கேட்டேன். சபையார் சிரித்தார்கள். என் அண்ணன் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். அன்றைக்கு அவர் பீடியை விடவில்லை; பீடியை மறைக்கத் தொடங்கினார்.

எங்கே மறைத்தார் தெரியுமா? ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில். அங்கே எப்போதும் விறகுப் புகை நாற்றம் உண்டு. பீடி வாடை தனியாகத் தெரியாது. வெளியே வரும்போது வாயில் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய். முப்பது ஆண்டுகள் மைனிக்குத் தெரிந்திருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் போதகனாகிய நான் ஒருவனே.

வாயில் வாழும் ஈஸ்ட்

சோதனைக்காக மருத்துவர் படலத்தைச் சுரண்டி எடுத்தார்; ஒரு சிறு துணுக்கு சதையும் எடுத்தார். இரண்டாவது முறை நாங்கள் சென்றபோது முடிவு வந்திருந்தது. அவர் விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் நம் வீட்டு மொழியில் சொல்லுகிறேன்.

ஆப்ப மாவு எப்படிப் பொங்குகிறது என்பதை நம் சகோதரிகள் அறிவார்கள். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்து வீடுகளில் கள் ஊற்றுவார்கள். விசுவாசிகளின் வீடுகளில் கடை ஈஸ்ட் போடுவார்கள். இரண்டிலும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை உயிர். ஈரமும் இளஞ்சூடும் இனிப்பும் கிடைத்தால் ஓரிரவில் பெருகிவிடும். அதே குலத்தைச் சேர்ந்த, ஆனால் வேறு இனமான ஒன்று மனித வாயில் வாழ்கிறது. அதற்குக் கேண்டிடா என்று பெயர். அதில் மிகுதியாகக் காணப்படுவது கேண்டிடா ஆல்பிகன்ஸ். நல்ல ஆரோக்கியமுள்ளவர்களிலும் 100 பேரில் ஏறத்தாழ 30 முதல் 50 பேருடைய வாயில் அது இருக்கிறது. இருப்பது வியாதியன்று. உமிழ்நீர் அதைக் கழுவுகிறது. வாயிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் அதற்கு இடம்கொடுக்காமல் நெருக்குகின்றன. உள்தோல் அடிக்கடி உதிர்ந்து அதையும் சேர்த்து வெளியேற்றுகிறது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் காவல் காக்கின்றன. இந்தக் காவல்கள் இருக்கும்வரை அது உருண்டையான சிறு செல்லாக ஒடுங்கிக் கிடக்கும்.

காவல் தளர்ந்தால் அது உருமாறுகிறது. நூல்போல் நீண்டு, தோலுக்குள் ஊடுருவுகிறது; ஒன்றோடொன்று பின்னிப் படலமாகிறது. அதுவே தொற்று. நீரிழிவு, எய்ட்ஸ் போன்ற எதிர்ப்பாற்றல் குறைந்த நிலை, நீண்டநாள் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்துகள், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், இரவும் பகலும் கழற்றாத பல்செட்டு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அந்த வரிசையில் புகைக்கும் ஓர் இடம் உண்டு.

புகை என்ன செய்கிறது? முதலாவது, சூடும் நச்சுப் பொருட்களும் நாள்தோறும் படுவதால் வாயின் உள்தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துப்போகிறது. அந்தத் தடித்த மேல்தோல் ஈஸ்ட்டுக்கு நல்ல குடியிருப்பு. இரண்டாவது, நெடுங்காலம் புகைப்பவருடைய உமிழ்நீரின் அளவும் தன்மையும் கெடுகின்றன; கிருமிகளைப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள் அதில் குறைகிறது. மூன்றாவது, அவ்விடத்திற்கு ஓடிவர வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. நான்காவது ஒன்று எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகரெட் புகையைத் திரவமாக்கி அதில் இந்த ஈஸ்ட்டை வளர்த்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். புகைச் சாறு அதைக் கொல்லவில்லை; மாறாக, அது அதிகமாக ஒட்டிக்கொண்டது, அதிகமாக வளர்ந்தது, தடித்த படலமாகப் பின்னிக்கொண்டது. பீடிப் புகையில் கிருமி செத்துப்போகும் என்று எங்கள் ஊர்ச் சாயாக் கடையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை அதற்கு நேர் எதிரானது.

புகைக்கிற எல்லாருடைய வாயிலும் ஈஸ்ட் கூடுதலாக இருக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் துடைத்தால் போகாத, கடைவாய் ஓரத்தில் நிற்கிற இந்தவகை வெண்படலம் பெரும்பாலும் புகைப்பவர்களிடமே காணப்படுகிறது என்பதில் மருத்துவர்கள் ஒத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பெப்பர்மிண்ட் மிட்டாயை நினைத்துப் பாருங்கள். ஈஸ்ட்டுக்கு இனிப்பு உணவு. ஒவ்வொரு பீடியின் வாடையையும் மறைக்க என் அண்ணன் வாயிலிட்டது அந்தப் பூஞ்சைக்குத் தீனியாயிற்று. பல்செட்டைக் கழற்றினால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று இரவிலும் அணிந்தே உறங்கினார். அதன் அடியில் அது இன்னும் வசதியாகக் குடியிருந்தது. புகை ஒரு கேடு செய்தது. மறைத்தது இன்னொரு கேடு செய்தது.

எங்கள் மண்ணின் பழைய துக்கம்

அந்தத் துணுக்குச் சதையின் முடிவு வரும்வரை பத்து நாட்கள் நான் சரியாக உறங்கவில்லை. காரணம், வாயின் வெண்படலத்தை எங்கள் பகுதி மக்கள் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய நெய்யூர் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால், 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். 1933-இல் மருத்துவர் ஆர், வெற்றிலை போடுகிற திருவிதாங்கூர் மக்களின் வாய்ப்புற்றுநோயைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறச் சென்ற சாமர்வெல், அதே நெய்யூரில் நம் மக்களுக்கு நெடுங்காலம் அறுவை சிகிச்சை செய்தவர். பாறசாலைக்கு அருகே காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் மண்ணின் மக்கள் வாயின் வியாதியால் மடிந்திருக்கிறார்கள்.

ஈஸ்ட் படலம் புற்றுநோயன்று. ஆயினும் துடைத்துப் போகாத வெண்படலத்தில் ஈஸ்ட்டும் குடியேறியிருந்தால், அது பிற்காலத்தில் கெட்டதாக மாறும் அபாயம் கூடுதல் என்று கருதப்படுகிறது. கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கிறார்கள்.

கர்த்தருடைய கிருபையால் அண்ணனுக்குப் புற்றுநோய் இல்லை. ஈஸ்ட்டின் நூல்கள் தோலுக்குள் ஊடுருவியிருந்தன. செல்களில் சிறு மாறுதல் தொடங்கியிருந்தது. மருத்துவர் சொன்னவை நான்கு. சில வாரங்கள் பூஞ்சைக்கொல்லி மருந்து; இரவில் பல்செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து வைத்தல்; இரத்தத்தில் சர்க்கரைப் பரிசோதனை; பீடியை அடியோடு விடுதல். "கடைசி ஒன்றைச் செய்யாவிட்டால் முதல் மூன்றும் வீண். மருந்து ஈஸ்ட்டைக் குறைக்கும், புகை அதை மறுபடியும் அழைத்து வரும்" என்றார். எட்டு மாதம் கடை மருந்து ஏன் தோற்றது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

விட்டதும் விழுந்ததும்

அண்ணன் அன்றே விட்டார் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவன்று. பதினேழு நாள் விட்டிருந்தார். ஒரு விடியற்காலையில் பால் வெட்டி முடித்ததும் மீண்டும் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். இம்முறை அவர் செய்த ஒரே மாற்றம், அன்று காலையிலேயே எனக்குத் தொலைபேசியில் சொன்னதுதான். "விழுந்துட்டேன் மக்கா" என்றார். "சரி அண்ணே, இன்னைக்கு மறுபடி தொடங்குவோம்" என்றேன். வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை. நிக்கோட்டின் மனிதனின் மூளையையே பழக்கிவைத்திருக்கும் ஒரு பொருள். முதல் சில வாரங்களின் எரிச்சலும் தூக்கமின்மையும் விசுவாசக் குறைவின் அடையாளமல்ல என்பதை நான் ஐம்பது வயதைக் கடந்த பிறகே கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் முயற்சியில் அவர் நின்றார். மைனி விடியற்காலையில் அவரோடு தோட்டத்திற்குப் போகத் தொடங்கினார்கள். பெப்பர்மிண்டுக்குப் பதிலாக ஏலக்காயும் தண்ணீரும். ஆறு மாதங்களுக்குப் பின் மருத்துவர் பார்த்தபோது அண்ணத்தின் சிவப்பு மறைந்திருந்தது. ஒரு பக்கத்து வெண்படலம் முற்றிலும் போயிருந்தது. மறுபக்கத்தில் மெல்லிய அடையாளம் மீதியிருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை காட்ட வேண்டும். சென்ற கிறிஸ்துமஸில் அண்ணன் மீன் குழம்பு ஊற்றிக் கிழங்கு உண்டார்.

நகரத்திலிருக்கும் என் மக்களுக்கு

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பலர் என்னைப்போல் ஊரை விட்டு வந்தவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் ஆறு பேர் தங்கும் அறையில், இரவு வேலை முடிந்த தனிமையில், முதல் சிகரெட்டைப் பற்றவைத்த வாலிபர்களை நான் அறிவேன். ஊருக்குப் போகும்போது மிட்டாய் மென்று, சபைக்கு வரும்போது கை கழுவி வருகிறீர்கள். உங்களை வெட்கப்படுத்த நான் இதை எழுதவில்லை.

தயவுசெய்து இன்று கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையோ சிவப்போ ஒரு திட்டு, அல்லது ஆறாத புண், இரண்டு வாரத்திற்கு மேல் நின்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். துடைத்தால் தயிர்த் திப்பிபோல் வந்துவிடும் படலமானாலும் காட்டுங்கள். அதற்குப் பின்னே சர்க்கரை வியாதி மறைந்திருக்கலாம். கடையில் நீங்களாகவே பூஞ்சை மருந்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் சில சர்க்கரை மாத்திரைகள் உட்கொள்பவர்களுக்கும் அம்மருந்துகளில் சில ஆபத்தை உண்டாக்கும். இன்ஹேலர் இழுப்பவர்கள் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். பல்செட்டு அணிபவர்கள் இரவில் கழற்றுங்கள். புகையை விடத் துணை தேவையானால் 1800-112-356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி உண்டு; பேசுகிறவர்கள் உங்களை நியாயந்தீர்க்க மாட்டார்கள்.

என் உடன் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்தது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் நம் பிரசங்கமோ சில வேளைகளில் மனிதனைப் பீடியிலிருந்து பிரிக்காமல், அவனைப் புகைப்புரைக்குள் அனுப்பிவிடுகிறது. புகைப்பது சரீரத்திற்குக் கேடு என்பதை நான் இன்றும் பிரசங்கிக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் சிரிப்பு எழும்படி பேசுவதை விட்டுவிட்டேன். சபையிலே ஒருவருக்கொருவர் குறைகளை அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு எழுதியபோது, சொன்னவனை நகைக்கலாம் என்று எழுதவில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு உண்டு. 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் ஏறத்தாழ 1,90,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, டார்ச் விளக்கால் வாயைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, அப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது என்று 2005-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஒரு விளக்கும், பார்க்க மனமுள்ள ஒருவரும், வெட்கமின்றித் திறக்கிற ஒரு வாயும் போதுமானதாயிருந்தது.

எங்கள் ஊர்ச் சபையில் சென்ற பிப்ரவரியில் நான் மீண்டும் நின்றேன். 1994-இல் பேசிய அதே இடம். அன்று சொன்ன வார்த்தைக்காக என் அண்ணனிடம் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து, "நானும் மறைச்சது தப்புத்தான்" என்றார். ஆராதனை முடிந்தபின் மூன்று பேர் தனித்தனியே என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஒன்றும் பேசாமல் வாயைத் திறந்து காட்டினார். நான் கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

கர்த்தர் உங்கள் சரீரத்தையும் உங்கள் வீட்டாரையும் காத்துக்கொள்வாராக.